அகதிப் பிள்ளைகளும் நம் பள்ளிகளும்

கோடை விடுமுறை நெருங்குங்கால் தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களில் ஒரு பரபரப்பு உண்டாகிறது. இரண்டு மாதங்களுக்கு முன்பே இரயில் சீட்டைப் பதிவு செய்கிறோம். பாட்டிக்குச் சால்வையும் உறவினர்க்கு இனிப்பும் வாங்கி வைக்கிறோம். பிள்ளைகள் நாட்களை விரல்விட்டு எண்ணுகிறார்கள். விடுமுறை கழிந்து பள்ளி திறந்ததும், "விடுமுறையை எங்கே கழித்தாய்? பத்து வரி எழுது" என்று ஆசிரியை சொல்கிறார். நம் பிள்ளைகள் தாத்தா வீட்டுக் கிணற்றையும் கோவில் தேரையும் பற்றி எழுதுகிறார்கள். அதே வகுப்பில், அதே பலகையில், எழுதுகோலைப் பிடித்தவாறு ஒன்றும் எழுதாமல் ஒரு பிள்ளை உட்கார்ந்திருக்கக்கூடும். அப்பிள்ளைக்கும் ஊர் உண்டு; தாத்தா வீடும் உண்டு. ஆனால் அவ்வூருக்கு அதனால் போக முடியாது.

அத்தகைய பிள்ளைகளைப் பற்றி இன்று சற்று ஆராய்வோம். 'அகதி' என்ற சொல்லை நாம் அடிக்கடி கேட்கிறோம். ஆயினும் அச்சொல் யாரைக் குறிக்கிறது, சட்டம் அவரை எவ்வாறு காண்கிறது, அவருடைய பிள்ளை நம் ஊர்ப் பள்ளியின் வாயிலில் வந்து நின்றால் பள்ளி செய்யத் தக்கது யாது என்பவற்றை நம்மில் பலர் தெளிவாக அறியோம். இந்த அறியாமையால் விளையும் தீங்கு சிறிதன்று. ஒரு பிள்ளை ஓராண்டுப் படிப்பை இழப்பதற்கு ஓர் எழுத்தரின் ஐயம் போதும்.

சொல்லும் பொருளும்

பிறந்த ஊரை விட்டு வேற்றூரில் வாழ்வோர் அனைவரும் ஒரே நிலையினர் அல்லர். உத்தியோகத்தின் பொருட்டோ, தொழிலின் பொருட்டோ, படிப்பின் பொருட்டோ வந்தவர்கள் நாம். நம்மைப் புலம்பெயர்ந்தோர் என்று சொல்வது பொருந்தும். நாம் விரும்பி வந்தோம், விரும்பினால் திரும்புவோம். எந்த மாநிலத்தில் வாழ்ந்தாலும் இந்தியக் குடிமக்கள் என்ற உரிமை நம்மை விட்டு அகல்வதில்லை.

தாயகம் திரும்பியோர் வேறு. 1960-களில் பர்மாவில் கடைகளும் தொழில்களும் நாட்டுடைமை ஆக்கப்பட்டபோது அங்கிருந்து வெளியேறிய தமிழர்களையும், 1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையின் தேயிலைத் தோட்டங்களிலிருந்து இந்தியக் குடிமக்களாக வந்தவர்களையும் அவ்வாறு அழைத்தோம். அவர்கள் பட்ட துன்பம் பெரிது. எனினும் அவர்களை ஏற்றுக்கொள்ள ஒரு நாடு இருந்தது. பர்மாவிலிருந்து வந்தவர்களில் சிலர் மணிப்பூரின் எல்லை ஊராகிய மோரேயில் தங்கி, இன்றளவும் அங்கே தமிழராக வாழ்ந்து வருவதை நேயர்களில் சிலர் அறிந்திருப்பர்.

அகதி என்பவர் இவ்விரு வகையிலும் சேராதவர். 'கதி' என்ற வடசொல்லுக்கு வழி என்றும் புகல் என்றும் பொருள். அது அற்றவர் அகதி. அண்மைக் காலத்தில் 'ஏதிலி' என்ற சொல்லும் வழங்கி வருகிறது. உலக நாடுகள் ஒப்புக்கொண்ட இலக்கணம் ஒன்று இதற்கு உண்டு. 1951-ஆம் ஆண்டு ஜூலை 28-ஆம் நாள் ஜெனீவாவில் நிறைவேறிய அகதிகள் உடன்படிக்கை அதனை வகுத்தது. இனம், மதம், நாட்டினம், ஒரு குறிப்பிட்ட சமூகப் பிரிவைச் சேர்ந்திருத்தல், அரசியல் கருத்து ஆகிய ஐந்தனுள் ஒன்றன் காரணமாகத் தாம் துன்புறுத்தப்படக்கூடும் என்னும் தக்க அச்சத்தால் தம் நாட்டுக்கு வெளியே இருப்பவரும், அந்நாட்டின் பாதுகாப்பைப் பெற இயலாதவரும் அல்லது அவ்வச்சத்தால் பெற விரும்பாதவரும் அகதி ஆவர். முதலில் 1951-க்கு முன் நிகழ்ந்தவற்றால் இடம்பெயர்ந்தோர்க்கே இவ்விலக்கணம் பொருந்துவதாக இருந்தது. 1967-ஆம் ஆண்டின் துணை உடன்படிக்கை அந்த எல்லையை நீக்கியது.

அகதி என்று ஏற்கப்படுமாறு விண்ணப்பித்து முடிவுக்குக் காத்திருப்பவரைத் தஞ்சம் கோருவோர் என்கிறோம். தேர்வை எழுதிவிட்டு முடிவை எதிர்நோக்கும் மாணாக்கனின் நிலை அவருடையது. இங்கு ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். மருத்துவர் நோயைக் கண்டு சொல்வதால் நோய் உண்டாவதில்லை. முன்பே இருந்த நோய் அப்போது தெரியவருகிறது. அவ்வாறே ஒருவருக்கு அகதி என்னும் அட்டை கிடைப்பதால் அவர் அகதி ஆவதில்லை. முன்பே அகதியாக இருந்தவரை அந்த அட்டை அடையாளம் காட்டுகிறது. ஆதலின் அட்டை வராத காலத்திலும் அவருடைய அச்சம் மெய்யாக இருக்கலாம். அவருடைய பிள்ளைக்குப் படிப்பும் வேண்டியிருக்கும்.

அமெரிக்க ஐக்கிய நாட்டில் இந்த வேறுபாட்டைச் சட்டத்திலேயே தனித்தனிப் பெயரிட்டு வைத்திருக்கிறார்கள். அந்நாட்டின் 1980-ஆம் ஆண்டு அகதிகள் சட்டத்தின்படி, வெளிநாட்டில் இருக்கும்போதே ஆராயப்பட்டு, அகதி என்று ஏற்கப்பட்டு அழைத்து வரப்படுபவர் ஒருவகையினர். தாமாகவே அந்நாட்டின் எல்லைக்கு வந்து சேர்ந்து, அங்கே தஞ்சம் கேட்டுப் பெறுபவர் மற்றொரு வகையினர். முன்னவரின் பிள்ளை கையில் காகிதத்தோடு பள்ளிக்கு வருகிறது. பின்னவரின் பிள்ளையோ பெரும்பாலும் காகிதம் வருமுன்னரே பள்ளிக்கு வந்துவிடுகிறது. பொதுப் பள்ளியில் சேர்ப்பதற்குப் பிள்ளையின் குடியேற்ற நிலை ஒரு தடையாகாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1982-இல் தீர்ப்பளித்தது. இந்தியாவுக்கு வருவோரில் மிகப் பெரும்பாலோர் இரண்டாம் வகையினரைப் போன்றவர்களே. அவர்கள் முதலில் வந்து சேர்கிறார்கள். காகிதம் பின்னரே வருகிறது.

நம் நாட்டின் சட்டம்

1951-ஆம் ஆண்டு உடன்படிக்கையிலும் 1967-ஆம் ஆண்டுத் துணை உடன்படிக்கையிலும் இந்தியா கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் நம் நாட்டில் இல்லை. சட்டத்தின் கண்ணுக்கு அவர்களும் அயல்நாட்டவரே. 1946-ஆம் ஆண்டின் அயல்நாட்டவர் சட்டம் நெடுங்காலம் நடைமுறையில் இருந்தது. அதற்கு மாற்றாக 2025-ஆம் ஆண்டின் குடிவரவு மற்றும் அயல்நாட்டவர் சட்டம் இப்போது வந்திருக்கிறது. திபெத்தியரையும் இலங்கைத் தமிழரையும் அரசாங்கமே நேரடியாகப் பதிவு செய்து பேணி வந்துள்ளது. ஆப்கானியர், மியன்மார் நாட்டவர் முதலிய மற்றவர்களின் விண்ணப்பங்களைத் தில்லியிலுள்ள ஐக்கிய நாடுகள் அகதிகள் உயர் ஆணையர் அலுவலகம் ஆராய்கிறது. அவ்வலுவலகம் முதலில், விண்ணப்பம் ஆராய்ச்சியில் உள்ளது என்பதற்கு ஒரு சான்று தருகிறது; நேர்முக விசாரணைக்குப் பின் அகதி அட்டை தருகிறது. இரண்டுக்கும் இடையே ஆண்டுகள் கழிவதும் உண்டு.

தனிச் சட்டம் இல்லையாயின் இப்பிள்ளைகளுக்கு உரிமையே இல்லையா என்று கேட்கலாம். நம் அரசியலமைப்பின் 14-ஆம், 21-ஆம் பிரிவுகள், சமத்துவத்தையும் உயிருக்கும் உடல் உரிமைக்கும் பாதுகாப்பையும் குடிமக்களுக்கு மட்டும் என்று வரையறுக்கவில்லை. எவருக்கும் மறுக்கலாகாது என்கின்றன. அருணாசலப் பிரதேசத்துச் சக்மா மக்களைப் பற்றிய வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் இதனை வலியுறுத்தியது. கல்வியைப் பற்றிய 21-அ பிரிவும் ஆறு முதல் பதினான்கு வயதுக்குட்பட்ட 'எல்லாப் பிள்ளைகளுக்கும்' என்றே பேசுகிறது. அதனை நடைமுறைப்படுத்தும் கல்வி உரிமைச் சட்டம் 2009-இல் நிறைவேறி, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. குழந்தைகளின் உரிமைகள் பற்றிய 1989-ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையை இந்தியா 1992-இல் ஏற்றுக்கொண்டது. அதன் 22-ஆம் பிரிவு அகதிக் குழந்தைகளைப் பற்றியது. தில்லியில் வாழும் ரோஹிங்கியாக் குழந்தைகளைப் பற்றிய வழக்கு 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது. அவர்கள் பள்ளிகளை நேரில் அணுக வேண்டும் என்றும், மறுக்கப்பட்டால் உயர் நீதிமன்றத்தை நாடலாம் என்றும் நீதிமன்றம் கூறியது.

எவரை நாட்டில் தங்க விடலாம், எவரைத் திருப்பி அனுப்பலாம் என்பது அரசாங்கமும் நீதிமன்றமும் ஆராய்ந்து முடிவு செய்ய வேண்டிய பெரிய பொருள். அதைப் பற்றி நேயர்களுக்குள் பல கருத்துகள் இருக்கலாம். ஆனால் அந்த முடிவைச் செய்யுமாறு பள்ளியை எவரும் கேட்கவில்லை. எல்லையில் நிற்கும் காவலரின் வேலை வேறு. பள்ளியில் சேர்க்கைப் பதிவேட்டை எழுதுபவரின் வேலை வேறு. பின்னவர் முன்னவரின் வேலையைத் தம் மேல் ஏற்றிக்கொள்ளும்போதுதான் பிள்ளை தெருவில் நிற்க நேர்கிறது.

மூன்று அனுபவங்கள்

அகதிப் பிள்ளைகளுக்குக் கல்வி அளிப்பதில் நம் நாடு மூன்று வகையான அனுபவங்களைப் பெற்றிருக்கிறது.

முதலாவது, திபெத்தியரின் தனிப் பள்ளிகள். 1959-ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதியில் தலாய் லாமா இந்தியாவுக்கு வந்தார். அவரைத் தொடர்ந்து பல்லாயிரவர் மலைகளைக் கடந்து வந்தனர். வந்தவர்களில் பலர் மலைப் பிரதேசங்களில் சாலை போடும் வேலைக்குச் சென்றனர். அவ்வாறு சென்றோரின் பிள்ளைகள் 51 பேரை வைத்து 1960 மே மாதத்தில் தரம்சாலாவில் ஒரு குழந்தைகள் காப்பகம் தொடங்கிற்று. அதுவே பின்னர்த் திபெத்தியக் குழந்தைகள் கிராமம் என்னும் பெரிய நிறுவனமாக வளர்ந்தது. அதே ஆண்டில் முசூரியில் ஒரு பள்ளி திறக்கப்பட்டது. 1961-இல் இந்திய அரசாங்கம் திபெத்தியப் பள்ளிகளுக்கென ஒரு தனி நிர்வாகத்தையே அமைத்தது. கர்நாடகத்தில் வாழும் நேயர்கள் மைசூரிலிருந்து குடகுக்குச் செல்லும் வழியில் பைலகுப்பையில் அத்தகைய பள்ளிகளைக் கண்டிருப்பர். அங்கே பிள்ளைகள் தம் மொழியையும் காத்துக்கொண்டனர்; இந்தியத் தேர்வுகளையும் எழுதினர்.

இரண்டாவது, மொழி ஒன்றாக இருந்த இடங்களில் பொதுப் பள்ளியிலேயே சேர்த்துக்கொண்டது. 1983 ஜூலையில் இலங்கையில் மூண்ட வன்செயல்களுக்குப் பின், பல அலைகளாக மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட தமிழர் கடல் கடந்து தமிழ்நாட்டுக்கு வந்தனர். 2021-ஆம் ஆண்டில் சுமார் 58,000 பேர் நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களில் வாழ்ந்து வந்தனர். அவ்வாண்டில்தான் அகதிகள் முகாம் என்னும் பெயரை மாற்றி, மறுவாழ்வு முகாம் என்று வழங்கத் தமிழ்நாட்டு அரசு முடிவு செய்தது. இம்முகாம்களின் பிள்ளைகள் அருகிலுள்ள அரசுப் பள்ளிகளிலேயே படித்து வந்திருக்கின்றனர். 1984-இல் அகதிகளே தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் அவர்களுடைய படிப்புக்குத் துணை நின்றது. மொழி ஒன்றாயிருந்தும் சிறு இடர்கள் இல்லாமல் இல்லை. புதிதாய் வந்த பிள்ளை 'ஆம்' என்பதற்கு 'ஓம்' என்றால் வகுப்பு சிரிக்கும்; 'பேசினேன்' என்பதற்குக் 'கதைத்தேன்' என்றால் மீண்டும் சிரிக்கும். அச்சிரிப்பை அடக்கி, இதுவும் தமிழே என்று சொன்ன ஆசிரியரே அப்பிள்ளைக்கு முதற்பாடம் கற்பித்தவர்.

மிசோரத்திலும் இதுவே நிகழ்ந்தது. 2021 பிப்ரவரி 1-ஆம் நாள் மியன்மாரில் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றிய பின்னர், அந்நாட்டின் சின் மலைப் பகுதியிலிருந்து ஆயிரக்கணக்கானோர் எல்லையைக் கடந்து வந்தனர். சின் மக்களும் மிசோ மக்களும் உறவினர், மொழியும் நெருங்கியது. அவ்வாண்டு ஆகஸ்டு மாத இறுதியில் மிசோரத்தின் பள்ளிக் கல்வித் துறை, கல்வி உரிமைச் சட்டத்தைச் சுட்டிக் காட்டி, அப்பிள்ளைகளைப் பள்ளிகளில் சேர்த்துக்கொள்ளுமாறு தன் அலுவலர்களுக்கு எழுதியது.

மூன்றாவது அனுபவமே கடினமானது. தனிப் பள்ளியும் இல்லை; மொழியும் வேறு. தில்லியின் லஜ்பத் நகர் 1947-இல் மேற்குப் பஞ்சாபிலிருந்து வந்த அகதிகளுக்காக எழுந்த குடியிருப்பு. இன்று அதே லஜ்பத் நகரிலும் போகலிலும் ஆப்கானியக் குடும்பங்கள் வாடகைக்கு இருக்கின்றன. மேற்குத் தில்லியின் விகாஸ்புரிப் பக்கத்தில் சின் மக்கள் வாழ்கிறார்கள். அங்கே அண்டை வீட்டாராகவும் ஆசிரியராகவும் அலுவலராகவும் இருக்கும் தமிழர் பலர். ஆகவே பள்ளி வாயிலில் நிகழ்வது நமக்குத் தொலைவான செய்தி அன்று.

பள்ளி வாயிலில்

காபூலிலிருந்து வந்த பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். 2021 ஆகஸ்டு 15-ஆம் நாள் தாலிபான்கள் காபூலைக் கைப்பற்றியபின், அந்நாட்டில் ஆறாம் வகுப்புக்கு மேல் பெண்கள் பள்ளியில் படிக்கத் தடை விழுந்தது. ஆகவே அவளுக்கு இந்தப் பள்ளி மற்றொரு பள்ளி அன்று. இருக்கும் ஒரே வழி. அவளுடைய தந்தை விண்ணப்பத் தாளை வாங்குகிறார். அதில் முதல் இடர் பெயரிலேயே எழுகிறது.

தாளில் பெயருக்கு ஒரு கட்டமும் குடும்பப் பெயருக்கு ஒரு கட்டமும் உள்ளன. ஆப்கானியர் பலருக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை. மியன்மார் நாட்டவர்க்கும் பெரும்பாலும் இல்லை. திபெத்தியர் பலருக்கும் இரு பெயர்கள் உண்டெனினும் அவற்றுள் ஒன்றும் குடும்பத்தின் பெயரன்று. இந்த இடர் நமக்கு நன்கு தெரிந்ததே அன்றோ? தந்தையின் பெயரின் முதலெழுத்தைத் தலைப்பெழுத்தாக இட்டு வாழும் நாம், வடநாட்டு அலுவலகங்களில் எத்தனை முறை இதே கட்டத்தின் முன் திகைத்து நின்றிருக்கிறோம்! தந்தையின் பெயரையே குடும்பப் பெயராக எழுதிவிட்டு, பின்னர் நம்மை எவரோ அப்பாவின் பெயரால் அழைக்க, நாம் திரும்பிப் பார்த்ததும் உண்டு. இத்தகைய அனுபவம் உடையவரே அந்தத் தந்தைக்கு வழிகாட்டத் தக்கவர். எந்த எழுத்துக் கூட்டலைத் தேர்ந்தாலும் எல்லாத் தாளிலும் அதனையே எழுதச் செய்தல் வேண்டும். ஓர் எழுத்து மாறினாலும் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் அது பெருந்துன்பம் ஆகும்.

இரண்டாவது இடர் பிறந்த நாள். ஆப்கானியச் சான்றில் 1392 என்று ஆண்டு இருக்கும். அதைப் பிழை என்றோ போலி என்றோ எண்ணுதல் கூடாது. அந்நாட்டில் வழங்கிய ஆண்டுக் கணக்கு வேறு. மார்ச்சு மாதத்தில் புத்தாண்டு பிறக்கும். 1392 என்பது 2013 மார்ச்சில் தொடங்கிய ஆண்டு. சான்றே இல்லாத பிள்ளைகளும் உண்டு. வயதுச் சான்று இல்லை என்னும் காரணத்தால் எந்தப் பிள்ளைக்கும் சேர்க்கையை மறுக்கலாகாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு கூறுகிறது. மத்திய அரசு வகுத்த மாதிரி விதிகள், வேறு சான்று இல்லாதபோது பெற்றோரின் உறுதிமொழியையும் ஏற்கின்றன. ஆதார் எண்ணைப் பற்றியும் இதுவே நிலை. பள்ளியில் சேர்வதற்கு ஆதாரைக் கட்டாயம் ஆக்கலாகாது என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பரில் தீர்ப்பளித்தது.

மூன்றாவது இடர் வகுப்பு. "இந்தி தெரியாது, முதல் வகுப்பில் போடுங்கள்" என்று சொல்லிவிடுதல் எளிது. பன்னிரண்டு வயதுப் பெண்ணை ஆறு வயதுக் குழந்தைகளோடு உட்கார வைத்தால் ஒரு மாதத்தில் அவள் நின்றுவிடுவாள். சட்டத்தின் 4-ஆம் பிரிவு, வயதுக்கு ஏற்ற வகுப்பில் சேர்த்து, குறையை நிரப்பத் தனிப் பயிற்சி அளிக்கச் சொல்கிறது. அப்பயிற்சி மூன்று மாதத்துக்குக் குறையாமலும் இரண்டு ஆண்டுக்கு மேற்படாமலும் நடக்கலாம். சேர்க்கைக் காலம் கடந்துவிட்டது என்பதும் மறுப்பதற்குக் காரணம் ஆகாது. போர் பள்ளி நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டு வருவதில்லை.

வகுப்பறையில்

சேர்க்கை முடிந்தவுடன் எல்லாம் முடிந்துவிடுவதில்லை. புதிய பிள்ளை பல வாரங்கள் வாய் திறவாமல் இருக்கலாம். மந்தம் என்று அதனைக் கொள்ளலாகாது. மொழியைச் செவியால் சேர்த்துக்கொண்டிருக்கும் பிள்ளை அவ்வாறுதான் இருக்கும். தாரி மொழியை வலமிருந்து இடமாக எழுதிப் பழகிய கைக்கு, இந்தியை இடமிருந்து வலமாக எழுதுவது முதலில் கூடாது; நோட்டுப் புத்தகத்தையே பின்பக்கத்திலிருந்து திறக்கும். ஆனால் அச்சிறுமி கணக்கில் வல்லவளாக இருக்கக்கூடும். ஆதலின் அவளுக்குத் தெரிந்தது எது என்று முதலில் கண்டறிய வேண்டும். கரும்பலகையில் ஒரு கணக்கை அவள் செய்து காட்டிய நாள் முதல் வகுப்பு அவளை வேறு விதமாய்ப் பார்க்கும்.

பக்கத்தில் உட்காரும் ஒரு தோழியை ஆசிரியர் தேர்ந்து கொடுத்தால் அது பெரிய உதவி. தண்ணீர் எங்கே, கழிப்பறை எங்கே, மணி அடித்தால் எங்கே செல்வது என்பவற்றை ஆசிரியரிடம் கேட்கப் பிள்ளை கூசும்; தோழியிடம் கூசாது. நம் பிள்ளைகளும் முதன்முதலில் இந்தியோ வங்காளமோ மராத்தியோ தெரியாமல் வகுப்பில் விழித்தவர்களே. அந்த முதல் நாளை மறவாத தமிழ்ப் பிள்ளை இத்தகைய தோழமைக்கு மிகவும் ஏற்றது.

சில நாட்களில் தனிக் கவனம் வேண்டும். தீபாவளிக்கு முன்னும் பின்னும் வெடிக்கும் வெடி நம் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். குண்டுவீச்சைக் கேட்டு வளர்ந்த பிள்ளை அவ்வொலியில் மேசைக்கடியில் ஒடுங்கலாம். பண்டிகை வரப்போகிறது, ஒலி கேட்கும், அஞ்ச வேண்டாம் என்று முன்னரே சொல்லி வைத்தால் போதும். அவ்வாறே, "உனக்கு என்ன நேர்ந்தது? எல்லோருக்கும் சொல்" என்று கேட்டலும் ஆகாது. கதையைச் சொல்வதும் சொல்லாமல் விடுவதும் அப்பிள்ளையின் விருப்பம். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் நிறுத்தி, "இவள் அகதி, இவளிடம் இரக்கம் காட்டுங்கள்" என்று அறிவிப்பதும் தவறு. இரக்கத்தினால் நட்பு விளைவதில்லை. புகைப்படம் எடுத்துப் பத்திரிகைக்கு அனுப்புவதும் ஆபத்து. ஊரில் விட்டு வந்த உறவினருக்கு அதனால் தீங்கு நேரக்கூடும்.

இன்னும் ஒன்று. பிள்ளைகள் பெற்றோரைவிட விரைவில் மொழியைக் கற்றுவிடுகிறார்கள். அதனால் மருத்துவமனைக்கும் வாடகை வீட்டுக்காரரிடமும் மொழிபெயர்ப்பாளராக அவர்களையே பெற்றோர் அழைத்துச் செல்கின்றனர். திங்கட்கிழமைதோறும் பிள்ளை வரவில்லை என்றால் தண்டிப்பதற்கு முன் காரணத்தைக் கேட்க வேண்டும். அக்கம்பக்கத்தார் ஒருவர் அந்த வேலையை ஏற்றுக்கொண்டால் பிள்ளை பள்ளிக்கு வந்துவிடும்.

நம்மால் இயல்வது

எட்டாம் வகுப்புக்குப் பின் வரும் காலமே மிகவும் வழுக்கலானது. பதினான்கு வயதோடு கல்வி உரிமைச் சட்டத்தின் காவல் முடிகிறது. ஒன்பதாம் வகுப்பில் தேர்வு வாரியத்துக்குப் பெயரைப் பதிவு செய்யும்போது மீண்டும் சான்றுகள் கேட்கப்படுகின்றன. வீட்டு வாடகை கட்ட மூத்த பிள்ளையின் கூலியும் தேவைப்படுகிறது. எட்டு ஆண்டு பாடுபட்டுப் படித்த பிள்ளை இந்த இடத்தில்தான் நழுவி விழுகிறது. ஆறாம் வகுப்பிலிருந்தே பெயரையும் பிறந்த தேதியையும் ஒழுங்குபடுத்தி வைப்பதும், தாளைக் கண்டு அஞ்சும் பெற்றோருடன் ஒருவர் கல்வி அலுவலகம் வரை சென்று வருவதும் அந்த விழுக்காட்டைத் தடுக்கும்.

இது நமக்குப் புதிய வேலை அன்று. தலைநகருக்கு வந்த தமிழர், தம் பிள்ளைகள் தாய்மொழியை இழக்கலாகாது என்று கருதித் தாமே பள்ளிகளை நிறுவினார்கள். தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகள் அதற்குச் சான்று. வேற்று மண்ணில் பிள்ளையைப் படிக்க வைப்பதன் அருமையை நம்மைவிட நன்கு அறிந்தவர் யார்? பள்ளி மேலாண்மைக் குழுவின் உறுப்பினரில் முக்கால் பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும் என்பது சட்டம். நம்மில் எவரேனும் அக்குழுவில் இருந்தால், அகதிப் பெற்றோர் ஒருவரையும் அதில் சேர்க்க முயலலாம். பதிவேடு எழுதுபவராக இருந்தால் மேலே கூறிய பிரிவுகளை ஒரு தாளில் எழுதி மேசைமேல் வைத்துக்கொள்ளலாம். ஆசிரியராக இருந்தால், கட்டுரையின் தலைப்பைச் சிறிது மாற்றிக் கொடுக்கலாம்.

"விடுமுறையை எங்கே கழித்தாய்?" என்பதற்கு மாற்றாக, "உனக்கு நன்றாகச் செய்யத் தெரிந்த ஒன்றைப் பற்றிப் பத்து வரி எழுது" என்று கேட்டுப் பார்ப்போம். ஒருத்தி பட்டம் விடுவதைப் பற்றி எழுதுவாள். மற்றொருவன் ரொட்டி சுடுவதைப் பற்றி எழுதுவான். முதல் இரண்டு வரிகள் நமக்குப் படிக்கத் தெரியாத எழுத்தில் இருந்தாலும் குற்றமில்லை. மூன்றாவது வரியை நம் மொழியில் எழுத நாம் கற்றுக்கொடுப்போம்.